உவமைக்கு முன் பொருள்

புதிய அறிவியல் செய்தி ஒன்று கிடைத்தவுடன் அதற்கு மார்க்க உவமை தேடுவது நம்மில் பலரின் வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் பொருளை முழுமையாக அறிதல் கடமையாகும்.

‘அல்காரிதக் குளிர்விப்பு’ என்பதை எடுத்துக்கொள்வோம். காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட கார்பன்-13 அணுக்கருவின் சுழற்சி, மேல் அல்லது கீழ் என இரு நிலைகளில் ஒன்றைக் காட்டும். அறை வெப்பத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். குவாண்டம் கணிப்புக்கோ ஒரே நிலையில் நிற்கும் தூய பிட்டுகள் வேண்டும். 1999இல் ஷுல்மனும் வஸிரானியும் ஒரு வழி கூறினர். தர்க்கச் செயல்களால் ஒழுங்கின்மையைச் சில பிட்டுகளின் பக்கம் தள்ளினால் மற்றவை தூய்மையடையும். மூன்று பிட்டுகளைக் கொண்டு ஒன்றின் தூய்மையைச் சுமார் ஒன்றரை மடங்காக்கலாம்.

எனினும் மொத்த ஒழுங்கின்மை குறைவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவே. ஆகவே மூடிய அமைப்பில் இதற்கு எல்லை உண்டு. 2002இல் பாய்க்கின், மோர் முதலியோர், சூழலுடன் விரைவில் சமநிலை அடையும் பிட்டுகளையும் இதில் சேர்த்தனர். அவை ஒழுங்கின்மையை ஏற்று வெளியே விட்டு, மீண்டும் பணிக்குத் திரும்பும். 2005இல் கனடாவின் வாட்டர்லூ ஆய்வாளர்கள் மலோனிக் அமிலப் படிகத்தில் இதைச் செய்து காட்டினர்.

“ஹஜ்ரத், இது தவ்பாவுக்கு நல்ல உவமையாயிற்றே, ஜும்ஆ பயானில் கூறலாமே” என்றார் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர். நான் உடன்படவில்லை. இங்கே அழுக்கு அழிவதில்லை. மற்றொன்றின் மீது ஏற்றப்படுகிறது. தவ்பாவிலோ பாவத்தை இறைவனே மன்னிக்கிறான்; ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை. பொருந்தாத உவமை அறிவியலையும் பிழையாகக் கற்பிக்கும், மார்க்கத்தையும் பிழையாகக் கற்பிக்கும். பிள்ளைகளுக்கு இதை இயற்பியலாகவே சொல்லிக்கொடுப்போம்.