இழை எண்ணும் பிள்ளைகள்

ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணியும் காஸும் அங்கே நெய்யப்படுகின்றன. காஸ் இளக்கமான நெசவு. வெளிச்சத்தில் பிடித்தால் பாவும் ஊடையும் தனித்தனியாகத் தெரியும். மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் நடத்த இதைவிட நல்ல சாமான் கிடையாது என்று என் மதினி ஒருநாள் சொன்னார். அந்த வட்டாரத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை அவர். நம்பாமல்தான் போய்ப் பின்வரிசைப் பாயில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கறுப்பு அட்டை. அதன்மேல் காஸ் துண்டு. இடையிலுள்ள இழைகளை உருவிவிட்டு, நெடுக ஆறு, குறுக்கே நான்கு என்று மட்டும் மிச்சம் வைத்து ஓரங்களில் டேப் ஒட்டியிருந்தார். இழையும் இழையும் சந்திக்கும் இடங்களை எண்ண வேண்டும். பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். இருபத்துமூன்று என்றது ஒரு குழு, இருபத்தைந்து என்றது இன்னொன்று. மதினி வாயே திறக்கவில்லை. மறுபடி எண்ணி இருபத்துநான்குக்கு அவர்களாகவே வந்துசேர்ந்தார்கள். ஒரு சிறுமி அட்டையைக் கால்வட்டம் திருப்பி வைத்துவிட்டு, “டீச்சர், இப்ப நாலு ஆறா மாறிருச்சு. ஆனா அதே துணிதான!” என்றாள்.

அப்போது ஒரு பயல் நெடுக்கு இழை ஒன்றைச் சரட்டென்று உருவிவிட்டான். குழுவே அவன்மேல் பாய்ந்தது. மதினி அவனையே கேட்டார்: “ஒண்ணுதான உருவுன, எத்தனை குறைஞ்சிருக்கு?” ஒன்று என்றுதான் முதலில் சொன்னான். எண்ணிப் பார்த்தால் நான்கு சந்திப்புகள் காணாமல் போயிருந்தன. இன்னொன்றை உருவினான், பதினாறு. பிறகு அனுமதி கேட்காமலே உருவிக்கொண்டு போனான். நான்காம் வாய்பாடு தலைகீழாக இறங்கி வந்தது. வாய்பாட்டை ராகம்போட்டு ஒப்பித்து வளர்ந்தவன் நான். எங்காவது தடுக்கினால் “ஓரெட்டு எட்டு” என்று முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். இந்தப் பயலுக்கு ஒரு படி பின்வாங்கினால் எவ்வளவு குறையும் என்பது கையிலேயே தெரிந்துவிட்டது.

நூலை வைத்துக் கணக்குச் சொல்லித்தருவது இந்த வட்டாரத்துக்குப் புதிதாகத் தோன்றக் கூடாது. 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் தக்ளி என்ற நூற்கும் கதிருக்கு முக்கிய இடம் இருந்தது. நூற்கிற குழந்தை நூற்றதை அளந்து, எண்ணி, அதிலிருந்தே கணக்குப் பழக வேண்டும் என்பது திட்டம். ராஜபாளையம் பஞ்சும் நூலுமாக வளர்ந்த ஊர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா இவ்வூர்க்காரர். தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தவர். ஆனாலும் ஆதாரக் கல்வி தமிழ்நாட்டில் நிலைக்கவில்லை. நூற்பதே பாடமாகி, அதிலிருந்து கிளைக்க வேண்டிய கணக்கு பின்னுக்குப் போனதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்த பெரிய முயற்சி செயல்வழிக் கற்றல். ஆசிரியர்கள் வாயில் ஏ.பி.எல். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளிகளின் முறையைப் பார்த்து 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் தொடங்கிவைத்தார். 2007-08இல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பாய், படம்போட்ட அட்டைகள், சுவரில் கற்றல் ஏணி, பிள்ளைகள் உயரத்துக்குக் கீழே இறங்கிய கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடத் தலைக்குமேல் கம்பிப் பந்தல். பலகையை இறக்கியது ஒன்றுக்காகவே அந்தத் திட்டத்தை மெச்சுவேன். அட்டைகள் விஷயம் வேறு. மேலிடத்தில் அச்சடித்து வந்தவை என்பதால், தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று பீரோவுக்குள் பூட்டிவைத்த பள்ளிகளும் உண்டு. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோதும் சாமான்கள் வந்தன. பார்வைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் மேசையேறும் டி.எல்.எம். என்ற கற்பித்தல் சாமான்களை எந்தத் திட்டத்திலும் பார்க்கலாம்.

காஸை யாரும் பூட்டிவைப்பதில்லை. பிய்ந்தால் வேறு வரும். மில் வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை நூல் சுற்றும் கோன் கொண்டுவந்தால் அன்றைக்குக் கூம்பு வடிவம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்படி ஊர்ச் சாமானில் கணக்குப் படிப்பது இன்னும் ருசியான சமாச்சாரம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா அங்கே கால் கிலோ, அரைக் கிலோவாகத்தான் கைமாறுகிறது. கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு நாலு கால் ஒன்று என்பதை எந்த அட்டையும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டாள் கோயில் கோபுரத்தில் பதினோரு நிலை. கீழே நின்று எண்ணச் சொன்னால் பெரியவர்களுக்கே பத்தா பதினொன்றா என்று சண்டை வரும்.

எல்லாவற்றையும் தொட்டே படிக்க முடியுமா என்று மதினியிடம் கேட்டேன்.

“முந்நூத்துச் சொச்சத்தை இருபத்தேழால பெருக்குறதுக்கு எந்தத் தறிக்குத் தம்பி போறது? கொஞ்ச நாள்ல அவங்களே துணியத் தள்ளிவச்சிட்டு நோட்டுல கட்டம் போடுவாங்க. அதுக்கப்புறம் கட்டமும் வேண்டாம். தள்ளிவைக்கிற வரைக்கும் நாம பிடுங்கக் கூடாது, அம்புட்டுதான்.”

அடுத்த வாரம் வகுத்தல். அதற்கும் காஸ்தானா என்றேன்.

“ஐயோ, அதுக்குப் புளியமுத்து. துணிய ஆளுக்குச் சமமாப் பங்குவைக்கச் சொன்னா அன்னைக்குப் பஞ்சாயத்துதான் நடக்கும்.”