ஓய்வும் ஆட்டத்தின் பகுதியே

கால்பந்தாட்டம் 90 நிமிடங்களில் முடிவதாகக் கருதுகிறோம். ஆட்டக்காரரின் தசைகளுக்கோ அதன் பின்னரே பெரும்பணி தொடங்குகிறது. ஓட்டத்தாலும் திடீர்த் திருப்பங்களாலும் தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் நேர்கின்றன. தசைகளில் சேமிக்கப்பட்டிருந்த கிளைகோஜன் என்னும் மாச்சத்துக் குறைகிறது. மறுநாள் வலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்பர். அவ்வமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே இரத்தத்தினின்று நீங்கிவிடும். 24 முதல் 72 மணி நேரத்தில் முற்றும் வலி, அச்சிதைவுகளோடு தொடர்புடையது. குளிர்நீர்க் குளியல் அவ்வலியைத் தணிக்கலாம். உணவும் நீரும் உறக்கமுமே இழந்தவற்றை மீட்டுத் தருவன.

2021 ஏப்ரல் 26 அன்று, இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் லெஸ்டர் சிட்டியும் கிரிஸ்டல் பேலஸும் மோதிய ஆட்டம், முதற்பாதியில் சற்றே நிறுத்தப்பட்டது. வெஸ்லி ஃபோபானாவும் சேக்கு குயாத்தேவும் நோன்பு திறப்பதற்காகவே அந்நிறுத்தம். நோன்பாளியான ஆட்டக்காரருக்கு இஃப்தார் முதல் ஸஹர் வரையுள்ள நேரமே உண்டு பருகித் தசையைச் சீர்செய்யும் காலம். அரிசியும் பருப்பும் நீரும் உப்பும் கலந்த நம் நோன்புக் கஞ்சி, அதற்கு நல்லதொரு தொடக்கம் எனலாம். அதன்பின் முட்டையோ மீனோ இறைச்சியோ உண்டு, புரதத்தை நிறைவு செய்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! வலியை மறைத்து ஆடுவதை வீரமென எண்ணாதீர்கள். ஆட்டத்திற்குப் பின்னும் இரவெல்லாம் விழித்திருப்பதைத் தவிருங்கள். உடல், இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்குரிய ஓய்வை அளிப்பது நம் கடமையாகும்.