சொல்லோடு பழகுதல்

மகாராஷ்டிர மாநிலக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண். பள்ளியிலேயே நடத்தும் மதிப்பீட்டுக்கு 20. வினாத்தாளில் ஒரு பத்தியைக் கொடுத்து, அதன்கீழ்ச் சொல்வளத்துக்கென்று தனியாகக் கேள்வி கேட்பார்கள். ஒத்த பொருள், எதிர்ப்பொருள், முன்னொட்டோ பின்னொட்டோ சேர்த்துப் புதுச்சொல் ஆக்குதல், தொடரை வாக்கியத்தில் அமைத்தல் என்று அது பலவிதமாக வரும். இவற்றுக்கு நேரடியாகக் கிடைப்பது சில மதிப்பெண்களே. ஆனால் முன்பின் பார்த்திராத பத்தி புரிவதும், கடிதமும் உரையும் எழுத வருவதும் இதே கையிருப்பை நம்பித்தான்.

மும்பையின் சுனாபட்டி, தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் நான்காவது மொழி. வீட்டில் தமிழ், தெருவிலும் கடையிலும் இந்தி, பள்ளியில் பாடமாக மராத்தி. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கும் ஆங்கிலம் பெரும்பாலும் புத்தகத்தோடு நின்றுவிடும் மொழிதான். தேர்வு நெருங்கியதும் டைஜஸ்ட் எனப்படும் தேர்வு வழிகாட்டி நூலில் உள்ள சொற்பட்டியலை ரட்டா அடிப்பது, அதாவது உருப்போடுவது, வழக்கம். மாலை வகுப்பில் சொல்லித்தருபவரின் வேலை, அந்தப் பட்டியலிலிருந்து மாணவரை மீட்பதில் தொடங்குகிறது.

எந்தச் சொற்களைக் கற்பது என்பது முதல் கேள்வி. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் ஆங்கிலம் வாசிக்கப் படும் பாட்டை நேரில் கண்டவர். சுமார் 2000 அடிப்படைச் சொற்களைக் கொண்ட அவருடைய பட்டியல் 1953-இல் வெளிவந்தது. நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் அதற்கு மேலடுக்காக 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார். கல்விசார்ந்த எழுத்தில் ஏறத்தாழ பத்துச் சொல்லுக்கு ஒன்று இக்குடும்பங்களைச் சேர்ந்தது. அனலைஸ், இன்டர்ப்ரெட், சிக்னிஃபிகன்ட் போன்ற இச்சொற்கள் வரலாறு, அறிவியல் பாடங்களிலும் வருவதால் ஒரே உழைப்பு பல தாள்களுக்கு உதவும். கடினமான சொல் என்றதும் பலரும் இதற்கும் மேலே இருக்கும் அரிய சொற்களுக்குத் தாவுகிறார்கள். 1949-இல் வெளிவந்த நார்மன் லூயிஸின் 'வேர்டு பவர் மேட் ஈஸி' மும்பை நடைபாதைப் புத்தகக் கடைகளில் இன்றும் கண்ணில் படும். அதிலுள்ள மருத்துவர் வகைகளும் மனித சுபாவங்களின் பெயர்களும் சுவையானவை. ஆனால் இரண்டாம் அடுக்கு நிரம்பிய பிறகே அவற்றுக்கு முறை வரும்.

அடுத்தது ஒலி. உச்சரிப்பைத் தமிழெழுத்தில் குறித்துக்கொள்ளும் மாணவரின் நோட்டில் பைக்கும் முதுகுக்கும் மூட்டை கட்டுவதற்கும் உரிய மூன்று ஆங்கிலச் சொற்களும் ஒரே 'பேக்'. சுனாபட்டி என்ற பெயரிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவர் காதில் அது கோவில்பட்டி, உசிலம்பட்டி போல ஒரு சிற்றூராக விழும். ரயில் நிலையப் பலகையின் தேவநாகரி எழுத்தைப் பார்த்தால் அது மூச்சொலியோடு தொடங்கும் வேறொரு பட்டி என்று தெரியும். அதற்குச் சூளை என்று பொருள்; சுனா என்பது சுண்ணாம்பு. ஆக, ஊரின் பெயர் சுண்ணாம்புச் சூளை. தமிழில் ஒரே 'ப' நிற்குமிடத்தில் தேவநாகரியில் நான்கு எழுத்துகள் உண்டு. மராத்திப் பாடத்தில் அவற்றை ஏற்கெனவே கற்ற பிள்ளை, ஆங்கில உச்சரிப்பை ஓரத்தில் தேவநாகரியில் குறித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பிறகு பொருள். டைஜஸ்ட் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரே ஒரு சொல்லை வைக்கிறது. இனார்மஸ் என்றால் 'பெரிய' என்று மனப்பாடம் செய்தவர், பெரிய அண்ணனை இனார்மஸ் பிரதர் என்று எழுதுவார். அந்தச் சொல் அளவில் பெரியதைக் குறிக்குமே தவிர வயதில் மூத்தவரை அல்ல. ரிலக்டன்ட் என்பதை 'விருப்பமில்லாத' என்று படித்தவர் கத்தரிக்காயிடம் ரிலக்டன்ட்டாக இருப்பார். அது ஒரு செயலைச் செய்யத் தயங்குவதற்கான சொல் என்பதால், பின்னால் வினைச்சொல் வர வேண்டும். எனவே நோட்டில் எழுத வேண்டியது ஒரு குறுவாக்கியம். பொருள் அதற்குக் கீழே வரலாம். அந்தப் பொருளையும் தமிழில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை. மராத்தியிலோ இந்தியிலோ நெருக்கமான சொல் கிடைத்தால் அதுவே போதும்.

சொற்குடும்பம் அறிந்தால் நினைவின் சுமை குறையும். தமிழில் 'பார்' என்ற வேரிலிருந்து பார்வை, பார்வையாளர், பார்வையிடு, மேற்பார்வை எல்லாம் கிளைக்கின்றன. லத்தீனில் 'ஸ்பெக்ட்' என்ற வேரும் பார்த்தலைக் குறிப்பதே. இன்ஸ்பெக்ட் என்றால் உள்ளே நுழைந்து பார்ப்பது, ஸ்பெக்டேட்டர் பார்வையாளர், ரெட்ராஸ்பெக்ட் பின்னோக்கிப் பார்ப்பது. சூப்பர்விஷன் உறுப்புக்கு உறுப்பு மேற்பார்வையேதான். இந்தப் பொருத்தத்தை ஒருமுறை கண்ட மாணவர் அடுத்த சொல்லைத் தாமே பிரித்துப் பார்ப்பார். பிரிப்பதிலும் கண்ணிகள் உண்டு. 'இன்' என்ற முன்னொட்டு இன்விசிபிளில் இல்லாமையைக் குறிக்கிறது. இன்ஸ்பெக்டில் உள்ளே என்பதைக் குறிக்கிறது. செம்பூரை அடுத்த மாஹுலின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்து வரும் டேங்கர்களில் தெரியும் இன்ஃபிளேமபிள் என்ற சொல்லை 'தீப்பிடிக்காத' என்று பிரித்துப் படித்தால் விபரீதம். அது எளிதில் தீப்பற்றுவது என்றே பொருள்படும்.

ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதற்கு இலக்கண விதி கிடையாது, காதுதான் விதி. தமிழில் மழை கனமாகப் பெய்கிறது, காற்று பலமாக வீசுகிறது, வெயில் கடுமையாக அடிக்கிறது. கனவெயில் என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் மழை ஹெவி, காற்று ஸ்ட்ராங். மும்பையில் 'கடக்' என்று கேட்டு வாங்கும் டீயும் ஆங்கிலத்தில் ஸ்ட்ராங்தான். தாய்மொழிச் சேர்க்கையை அப்படியே பெயர்த்தால் இடறும். ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கும் தமிழ்ப்பழக்கத்தில் டிஸ்கஸ் என்பதற்குப் பின்னால் அபவுட் வந்து ஒட்டிக்கொள்கிறது; அங்கே அதற்கு இடமில்லை.

சொல்லுக்கு எடையும் உண்டு. சிக்கனமானவர் என்றால் புகழ்ச்சி, கஞ்சர் என்றால் வசை. ஃபுரூகல், ஸ்டிஞ்சி என்ற இணைக்கும் அதே வேறுபாடு. இறந்தார், காலமானார், செத்தார் என்ற மூன்றையும் இடமறிந்து ஆளத் தெரிந்த பிள்ளைக்கு இது புதுப்பாடம் ஆகாது. ஒத்த பொருள் கேட்கும் வினாவில் பொருந்துவதுபோல் தோன்றும் சொல்லை விலக்கச் சொல்வது பெரும்பாலும் இந்த எடைதான்.

பழகிய சொற்களே தடையாவதும் உண்டு. தமிழ்ப் பேச்சில் 'ஃபீல் பண்ணாதே' என்றால் வருந்தாதே என்று பொருள். 'டோஸ் விட்டார்' என்றால் திட்டினார். ஆங்கிலத்தில் ஃபீல் எந்த உணர்ச்சிக்கும் பொது. டோஸ் மருந்தின் அளவு. இப்படி வேஷம் மாறிய சொற்களுக்கு நோட்டில் தனிப்பக்கம் ஒதுக்குவது நல்லது.

கற்றது நிற்க இடைவெளி வேண்டும். மனப்பாடம் செய்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் தம்மிடமே சோதித்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதிக்குச் சற்று முன்னால் மீண்டும் பார்ப்பதே மருந்து. 1972-இல் செபாஸ்டியன் லெய்ட்னர் விளக்கிய பெட்டி முறை அதற்கு எளிய வழி. பெட்டியைச் சில அறைகளாகத் தடுத்துக்கொள்ள வேண்டும். ஓர் அட்டையின் முன்பக்கம் சொல், பின்பக்கம் வாக்கியம். தெரிந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும். தடுமாறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். பின்னறைகளை நாள் தள்ளிப் பார்த்தால் போதும். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப்பக்கமும் காலியான இனிப்புப் பெட்டியும் இதற்குப் போதும். பத்துக்குப் பத்து அறையில் டிவியும் தம்பி தங்கைகளும் சூழ இருப்பவருக்கு ஒரு மணி நேர அமைதி வாய்ப்பதில்லை. ஆனால் குர்லா போகும் ரயிலில் பத்து அட்டைகளைப் புரட்டிவிடலாம்.

தேர்வறையில் தெரியாத சொல் வந்தால் அதன் முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் பார்க்க வேண்டும். 'ஆனால்' என்ற பொருள்தரும் இணைப்பு நடுவில் இருந்தால், தெரிந்த பாதிக்கு எதிரானதே தெரியாத பாதி. 'அதாவது' என்பதுபோல் ஒன்று இருந்தால் விடை அருகிலேயே உண்டு. கடிதமும் உரையும் எழுதும்போது முறை வேறு. அங்கே பொருள், சேர்க்கை, எடை மூன்றும் உறுதியாகத் தெரிந்த சொல்லுக்கு மட்டுமே இடம். பெட்டியில் இன்னும் முதல் அறையைத் தாண்டாத சொல்லை விடைத்தாளில் எழுதாமல் விடுவதும் இந்தப் பயிற்சியில் அடக்கம்.