தானாக உடைந்த கண்ணாடி

ஆங்கில இலக்கணத்தில் உங்களை அதிகம் அலைக்கழித்தது எது என்று கேட்டால், பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரே குரலில் சொல்வோம்: 'லி' என்று முடியும் வினையடைகளே! அவற்றிலும் ஒழுங்கின்றி நடப்பதையும், எண்ணாமல் நடப்பதையும் குறிக்கும் சொற்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. ஸ்போராடிக்கலி, ஹேப்ஹசர்ட்லி, இன்அட்வர்டன்ட்லி, ஆக்சிடென்டலி என்று இவை வாயில் நுழையவே ஒரு வாரம் ஆயிற்று.

எங்கள் ஆங்கில ஆசிரியையான சிஸ்டர் இவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லும் பிறந்த வீட்டுக்கே எங்களை அழைத்துச் சென்றார். 'ஸ்போராடிக்' என்பது 'சிதறிய' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். விதைத்தலைக் குறிக்கும் சொல்லும் அதற்கு உறவாம். உடனே கடைசி வரிசையிலிருந்து, "எங்கப்பா கேழ்வரகு தூவற மாதிரியா சிஸ்டர்?" என்று ஒரு குரல் எழுந்தது. வகுப்பே சிரித்தது. சிஸ்டரோ, "அதேதான்!" என்றார். காரிமங்கலத்துப் பிள்ளைகளுக்கு இனி அந்தச் சொல் மறக்குமா? அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும் விதையும், எங்கள் தருமபுரி மாவட்டத்தில் ஒரு காட்டில் பெய்து மறுகாட்டை மறந்துவிடும் மழையும் அதற்குள் வந்து அமர்ந்துகொண்டன.

'ஹேப்' என்றால் பழைய வழக்கில் அதிர்ஷ்டம். 'ஹேப்பி' என்பதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையே. 'ஹசர்ட்' என்பது ஒரு பகடையாட்டத்தின் பெயர். ஆகவே 'ஹேப்ஹசர்ட்லி' என்பது பகடை விழுந்தபடி ஆகட்டும் என்று செய்வது. நம் 'ஏனோதானோ' அதற்கு நன்கு பொருந்தும். 'இன்அட்வர்டன்ட்லி' என்பதற்குள் 'திருப்புதல்' என்னும் இலத்தீன் சொல் இருக்கிறது. மனம் அந்தப் பக்கம் திரும்பாமலே கை செய்துவிடுவது அது. 'ஆக்சிடென்ட்' என்பதோ மேலே வந்து விழுவது. தமிழில் 'தற்செயல்' என்கிறோம். தன் செயலாக, தானே நடப்பது!

எங்கள் தமிழாசிரியை இன்னொரு வேடிக்கையைச் சொன்னார். 'யதேச்சையாகப் பார்த்தேன்' என்று நாம் தற்செயலைக் குறிக்கிறோம் அல்லவா? வடமொழியில் அது யதா, இச்சை என்னும் இரு சொற்களின் சேர்க்கை. பொருள், 'விருப்பப்படி'! யதேச்சாதிகாரம் என்னும்போது அந்தப் பொருள்தான் வருகிறது. விரும்பிச் செய்ததும் விரும்பாமல் நேர்ந்ததும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றனவே என்று வியந்தோம். அது எங்கள் கதையாகவே ஆகும் என்று அப்போது நினைக்கவில்லை.

மறுநாள் சிஸ்டர், "ஒவ்வொரு வினையடைக்கும் உங்களுக்கு நடந்த ஒன்றை வைத்து வாக்கியம் எழுதுங்கள்" என்றார். 'ஆக்சிடென்டலி' வந்ததும் எங்கள் பேனாக்கள் நின்றன.

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு மழை நாளில், உணவு இடைவேளையின்போது வகுப்பறைக்குள்ளேயே பந்து விளையாடினோம். கூடாது என்று எங்களுக்குத் தெரியும். பந்தை எறிந்தவள் ஒருத்தி. 'எறி, எறி' என்று கூவியவர்கள் நாங்கள் எல்லோரும். புத்தக அலமாரியின் கண்ணாடி உடைந்தது. "கண்ணாடி உடைஞ்சிடுச்சு சிஸ்டர்" என்றோம். அதில் பொய் ஒன்றும் இல்லை. தமிழில் 'உடைத்தோம்' என்றால் உடைத்தவர் வேண்டும். 'உடைந்தது' என்றாலோ யாருமே வேண்டாம்! அந்தச் சொல்லுக்குப் பின்னால் நாங்கள் அனைவரும் வசதியாக ஒளிந்துகொண்டோம்.

ஆனால் அன்று மாலையே ஆயாம்மா சிஸ்டரிடம் வந்து, "காலைல நான் தொடைக்கும்போது என் கை பட்டு விரிசல் உட்டிருக்கும் சிஸ்டர். சம்பளத்துல புடிச்சிக்கோங்க" என்றார். சிஸ்டர், "பரவாயில்லை, போங்கள்" என்று அனுப்பிவிட்டார். நாங்கள் தலை நிமிரவில்லை. அன்றுமுதல் ஆயாம்மா அந்த அலமாரியைத் துடைக்கவே இல்லை.

இப்போது எங்களுக்குள் வாதம் எழுந்தது. "உடைக்க வேண்டும் என்று எறியவில்லையே, ஆக்சிடென்டலி சரிதான்" என்றாள் ஒருத்தி. "எறிந்தது தெரிந்துதானே?" என்றாள் மற்றொருத்தி. "வாயை மூடிக்கொண்டிருந்ததை எதில் சேர்ப்பது?" என்று மூன்றாமவள் கேட்டாள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சிஸ்டர் கொடுத்த பட்டியலில் அதற்குச் சொல் இல்லை.

முடிவில் எல்லோரும் ஒரே தாளில் மூன்று வாக்கியங்கள் எழுதிக் கையொப்பமிட்டோம். பந்தை எறிந்தது 'நோயிங்லி', தெரிந்தே. கண்ணாடி உடைந்தது 'ஆக்சிடென்டலி', தற்செயலாக. ஆயாம்மா பழியைத் தம்மேல் போட்டுக்கொண்டபோது பேசாமல் இருந்தது 'டெலிபரட்லி', வேண்டுமென்றே.

சிஸ்டர் தாளைப் படித்தார். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினார். "இதை நீங்கள் சொல்ல வேண்டியது என்னிடம் அல்ல" என்று மட்டும் சொன்னார்.

பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆயாம்மாவிடம் போனோம். ஆங்கில வினையடை எதுவும் அங்கே உதவவில்லை. "நாங்கதான் ஆயாம்மா உடைச்சோம்" என்றோம். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். அவரோ ஈரக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ என் கை படலையா கண்ணு?" என்றார். எங்களில் பலர் அழுதுவிட்டோம்.

நாங்கள் காசு சேர்த்துப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. மறுநாள் காலை ஆயாம்மா துணியோடு வந்து அதைத் துடைத்தார்.

தோழியரே, வினையடைகளைப் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெறுங்கள். ஆனால் 'தானாக நடந்துவிட்டது' என்று சொல்ல வாயெடுக்கும்போது, அதை யார் தம் தலையில் சுமக்கப் போகிறார்கள் என்று ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். நாங்கள் இரண்டு வாரம் கழித்தே திரும்பிப் பார்த்தோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி, காரிமங்கலம்