ஆயா படித்த எலும்புகள்

எங்கள் சேரிக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவில் வாய்க்கால். அதன் கரையில் வரிசையாகப் பனைகள். ஒரு பனையின் தலையில் கூகை குடியிருந்தது. மரத்தடியில் கட்டைவிரல் பருமனில் கருப்பு உருண்டைகள் கிடக்கும். பீ என்றுதான் நினைத்திருந்தேன்.

"பீ இல்லடா, கக்குனது. எலிய முழுசா முழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாக் கக்கிடும்" என்றாள் ஆயா.

ஓர் உருண்டையைக் கொட்டாங்கச்சித் தண்ணீரில் ஊறப்போட்டாள். மயிர் பிரிந்ததும் உள்ளே உடையாத மண்டையோடு, தாடை, குச்சி குச்சியாய்க் காலெலும்பு.

"முன்பல்லு வளைஞ்சு மஞ்சளா இருக்கா? அதுக்கப்புறம் கொஞ்ச எடம் சும்மா கெடக்கா? அப்ப எலி. எடமே விடாம ஊசி ஊசியா இருந்தா மூஞ்சூறு. அது பூச்சி திங்கிற பல்லு."

வரப்பில் கிடக்கும் எலும்புக்கும் அவளிடம் பதில் உண்டு. மேல் முன்பல்லுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குட்டிப் பல் ஒளிந்திருந்தால் முயல். கோரைப்பல் நீண்டிருந்தால் கறி தின்கிற பிராணி, கீரியோ பூனையோ. முன்கை எலும்பு இரண்டும் ஒட்டி ஒன்றாகக் கிடந்தால் தவளை. கனமே இல்லாமல் உள்ளே கூடாக இருந்தால் பறவை.

எங்கே கற்றாள்? கூலி நெல் பற்றாத மாதங்களில் எலி வளை வெட்டி, கறியும் ஆக்கி, வளைக்குள் எலி சேர்த்த நெல்லையும் அள்ளிப் பிள்ளைகளை வளர்த்தவள். பசிதான் அவளுக்கு வாத்தியார்.

ஆறாம் வகுப்பில் அந்த எலி மண்டையைத் தீப்பெட்டியில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். ஆசிரியர் திறந்து பார்த்தார். "ராத்திரி கொழம்புச் சட்டியில மிஞ்சினதாடா?" என்றார். வகுப்பே சிரித்தது. திரும்பும்போது தீப்பெட்டியை வாய்க்காலில் எறிந்தேன். வீட்டுக்கு வந்து, "எலும்பு கிலும்புன்னு இனிமே எங்கிட்ட பேசாத" என்று ஆயாவிடம் கத்தினேன். அவள் பேசவில்லை. சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை.

எம்.ஏ. வகுப்பில், சங்கப் பாட்டில் வரும் உடும்புக் கறியையும் முயல் கறியையும் தமிழர் பண்பாடு என்று பாடம் எடுத்தார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கீழடி அறிக்கையை வெளியிட்டது. அங்கே கிடைத்த எலும்புகளைப் புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்து மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மயில் என்று இனம் பிரித்திருந்தார்கள். பெருமைப்பட்டோம். படவேண்டியதுதான். ஆனால் எலும்பைப் பார்த்து உயிரைச் சொல்கிற அதே கண் ஆய்வுக்கூடத்தில் இருந்தால் அறிவியல். சேரியில் இருந்தால் குழம்புச் சட்டியா?

ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் சிரிக்க வைத்தார். ஆயாவின் வாயை அடைத்தவன் நான். சாதி என் வாய்வழியாகவும் பேசியிருக்கிறது.

நம் ஆயாக்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், எழுதுங்கள். எழுதும்போது எலி தின்ற கதையை மட்டும் மறைத்துவிடாதீர்கள். அந்த அறிவுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.