மாடி வெயிலின் வரவு செலவு

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சூரியத் தகடுகள் ஏறியது முதல், வருகிறவர்கள் எல்லோரும், 'இனிமேல் கரண்ட் போனாலும் உங்களுக்குக் கவலையில்லை' என்று ஆசீர்வதித்துவிட்டுப் போகிறார்கள். யதார்த்தம் அதற்கு நேர் விரோதமானது. மின்தடை உண்டான க்ஷணமே, உச்சி வெயில் மண்டையைப் பிளந்தாலும், எங்கள் இன்வெர்ட்டர் உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் லைன்மேனை, எங்கள் மாடியிலிருந்து பாயும் மின்சாரம் தாக்கிவிடலாகாது என்பதே அந்த ஏற்பாட்டின் தாத்பரியம். பாட்டரி வைத்தவர்கள் விஷயம் வேறு.

ஆனால், வாசலில் மாட்டியிருக்கும் இருவழி மீட்டர் இருக்கிறதே, அது பரம நியாயஸ்தன்! பகலில் நாம் செலவழித்தது போக மிஞ்சிக் கம்பிக்குச் சென்றதை ஓர் எண்ணாகவும், இரவில் நாம் வாங்கியதை மற்றோர் எண்ணாகவும் மாறி மாறிக் காட்டுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கையில் இரண்டையும் நேர் செய்து, நம் பக்கம் மிச்சமிருந்தால் அடுத்த பில்லுக்கு வரவு வைக்கிறார்கள். மத்திய சர்க்கார் 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் அளவுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்பது பொதுக் கணக்கு. ஐப்பசி அடைமழையில் அதை எதிர்பார்ப்பது பேராசை.

தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் குன்றக்கூடுமாதலால், மாலை மூன்று மணிக்குமேல் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையைப் பற்றி அந்த வீட்டுக்காரரிடம் எவ்விதம் பேச்செடுப்பது என்பதே தற்சமயம் என் விசாரம்.