டூரோ நதியின் வழியே

ஸ்பெயின் தேசத்தின் வடபாகத்தில், உர்பியோன் சிகரங்களின் சரிவில், கடல்மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டரையும் கடந்த உயரத்தில், புல்லுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சிறு நீர்க்கசிவாகத் தோன்றி, 897 கிலோமீட்டர் மேற்கு நோக்கி ஓடி, போர்ச்சுகலின் போர்த்தோ நகரத்தருகே அட்லாண்டிக் மகாசமுத்திரத்தில் சங்கமிக்கும் நதியை ஸ்பானியர் டுவேரோ என்றும் போர்ச்சுகீசியர் டூரோ என்றும் வழங்குகின்றனர். நதியென்றால் இரு கரையிலும் வண்டலைக் கொண்டுவந்து சேர்த்து, மனிதன் விதை போட்டால் விளைச்சல் தரும் தாய் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். இந்த நதியோ தன் கரைவாசிகளுக்குக் கொடுத்தது வெறும் கல்லும், செங்குத்தான மலைச்சரிவும், படகைப் பிளக்கும் நீர்வீழ்ச்சிகளுமே. அங்கே இன்று காணப்படும் திராட்சைத் தோட்டமும், அது நிற்கும் மண்ணும், சுற்றுலாக் கப்பல் மிதக்கும் அமைதியான நீர்ப்பரப்புங்கூட மனித பிரயாசையால் உண்டானவை என்பதே, நானும் என் மனைவியும் ஒரு பகல் முழுவதும் அந்நதியின் மேல் பிரயாணம் செய்தபோது என் மனத்தை விட்டு அகலாதிருந்த விஷயம்.

ஸ்பெயினில் நதியின் பூர்வ சரித்திரம் நீண்டது. சோரியா நகரத்துக்குச் சற்று வடக்கே, நதிக்கரை மேட்டில் நுமான்சியா என்ற கோட்டை இருந்தது. உரோமாபுரிச் சேனாதிபதி சிப்பியோ பல மாதம் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டபின், கி.மு. 133இல் அது வீழ்ந்தது. சரணடைவதைவிட உயிரை மாய்த்துக்கொள்வதே மேல் என்று பலர் முடிவு செய்தனர். அதே சோரியாவில், 1907இல் பிரெஞ்சு பாஷை போதிக்க வந்த கவிஞர் அந்தோனியோ மச்சாதோ, இளம் மனைவி லியோனோருடன் வாழ்ந்து, 1912இல் அவளைப் பறிகொடுத்து, அந்த ஊரைவிட்டே போனார். டுவேரோவைப் பாடியவர்களில் அவருக்கு நிகரானவர் இல்லை என்று அந்நாட்டார் இன்றும் கொண்டாடுகின்றனர். அதற்குக் கீழே ரிபேரா, ருவேதா, தோரோ என வரிசையாகத் திராட்சை விளையும் பிரதேசங்கள். நடுவே தோர்தெசியாஸ் என்ற ஊர். 1494இல் காஸ்தீல், போர்ச்சுகல் அரசர்களின் தூதர்கள் அங்கே கூடி, கேப் வெர்டி தீவுகளுக்கு மேற்கே 370 காதத்தில் ஒரு கோடு கிழித்து, அவ்வளவு பெரிய உலகத்தையும் தமக்குள் பாகம் பிரித்துக்கொண்டனர். கோட்டுக்கு மேற்கே கரீபியன் தீவுகள் ஸ்பெயினுக்குப் போயின. கிழக்குப் பாகம் போர்ச்சுகலுக்கு வந்ததன் பலனை நம்முடைய முத்துக்குளித்துறைப் பரதவர் அனுபவித்தறிந்தனர்.

பிறகு நதி இரு தேசங்களுக்கும் எல்லையாகி, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆழ்ந்த மலைப்பிளவில் இறங்குகிறது. கழுகுகள் வட்டமிடும் அந்தப் பள்ளத்தில் 140 மீட்டர் உயரமுள்ள அல்தேயாதாவிலா அணை நிற்கிறது. படகு அங்கே ஏற முடியாது. பார்க்கா தால்வா என்ற எல்லையூரில்தான் நதி முழுவதும் போர்ச்சுகலுக்குச் சொந்தமாகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வந்து சேரும் கோவா என்ற உபநதியின் பாறைகளில், இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த மனிதர் குதிரையையும் காட்டெருதையும் கல்லால் கீறி வைத்திருக்கின்றனர். அவை நீரில் மூழ்கிவிடுமென்று ஜனங்கள் கிளர்ச்சி செய்ததால், நடந்துகொண்டிருந்த அணை வேலையை 1990களின் நடுவில் அரசாங்கமே கைவிட்டது. அது நெஞ்சு நிறைந்து பாராட்டத்தக்க காரியம்.

இன்னும் கீழே வலைரா என்ற மலையிடுக்கு. ஆதியில் அங்கே ஒரு பெரும் பாறை நதியை மறித்து நீர்வீழ்ச்சியாக நின்றது. அதற்கு மேலே படகுப் போக்குவரத்தே கிடையாது. முதலாம் மரியா ராணியின் ஆட்சியில், 1780 முதல் பன்னிரண்டு ஆண்டு வெடிமருந்து வைத்துப் பாறையைத் தகர்த்தனர். தடை நீங்கியபின்னும் நீரின் வேகம் குறையவில்லை. டூரோவின் முதல் நுட்பமான வரைபடத்தை எழுதியவரும், இப்பள்ளத்தாக்கில் விளையும் போர்ட் என்ற மதுவில் கலப்படம் கூடாதென்று வாதாடியவருமான ஆங்கிலேயர் ஜோசப் ஜேம்ஸ் பாரெஸ்டர், 1861 மே 12ஆம் தேதி அங்கே படகு கவிழ்ந்து இறந்தார். உடல் கிடைக்கவே இல்லை. கூடச் சென்ற தோனா அந்தோனியா ஃபெரைரா, அக்காலத்து அகன்ற பாவாடை காற்றேறி மிதந்ததால் பிழைத்தார் என்று ஜனங்கள் சொல்கின்றனர். எப்படியோ பிழைத்த அந்த மாது, அதன்பின் முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்து, பள்ளத்தாக்கின் மிகப் பெரிய தோட்டக்காரியாக விளங்கினார்.

நாங்கள் கப்பலேறியது அதற்கும் கீழே, பின்யாவ் என்ற சிற்றூரில். நேரமிருந்ததால் முதலில் ரயில் நிலையத்துக்குச் சென்றோம். அதன் சுவர்களில் 1937இல் பதித்த நீலநிற ஓட்டுச் சித்திரங்கள் இருக்கின்றன: தலையில் முக்காடிட்டுக் குலை கொய்யும் பெண்கள், நெற்றியில் பட்டை மாட்டி, முதுகில் கூடை தூக்கி, ஒருவர்பின் ஒருவராக மலைப்படியிறங்கும் ஆண்கள். கூடை ஒவ்வொன்றும் 50, 60 கிலோ. அறுவடைக் காலத்தில் விடியலிலிருந்து அந்திவரை அப்படியே இறங்கி, இரவில் கருங்கல் தொட்டியில் தோளோடு தோள் கோத்து நின்று பழத்தை மிதித்தவர்களும் அவர்களே. என் மனைவி அந்தக் கூடைக்காரர்களின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

கப்பல் நகர்ந்ததும் இரு கரையும் படிக்கட்டாக எழும்பின. அங்குள்ள பாறை ஷிஸ்ட் எனப்படும் தகட்டுப்பாறை. கடப்பாறையால் உடைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். அதைத் தூளாக்கியே மண் செய்தனர். மிஞ்சிய கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிச் சுவராக்கி, சுவருக்குப் பின்னால் அம்மண்ணைக் கொட்டி, ஒரு வரிசை, இரண்டு வரிசை கொடி நட்டனர். பாறை இடுக்குகளின் வழியே வேர் பல மீட்டர் இறங்கித் தண்ணீர் தேடுகிறது. பகலில் கல் ஏற்ற வெப்பத்தை இரவில் கொடி குடிக்கிறது. ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்பது அவ்வூர்ப் பழமொழி.

“என்னங்க, அதோ மேலே தெரியுதே, அந்தச் சுவரெல்லாம் மனுஷங்க கையால அடுக்கினதா?” என்று என் மனைவி கேட்டாள்.

“ஆமாம். பலதும் ஸ்பெயின் கலீசியாவிலிருந்து கூலிக்கு வந்தவங்க அடுக்கினது.”

“அவங்க பேரு எங்கேயாவது எழுதியிருக்கா?”

தோட்ட முதலாளிகளின் பெயர்கள் சுண்ணாம்பெழுத்தில் மலைதோறும் மின்னிக்கொண்டிருந்தன. அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? நடு நடுவே சில சரிவுகளில் படிகள் இடிந்து, முட்புதர் மண்டிக் கிடந்தன. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலோக்சரா என்னும் பூச்சி வேரை உறிஞ்சி அழித்தபின் கைவிடப்பட்ட தோட்டங்கள் அவை. மற்ற இடங்களில் அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தனர்.

பணிப்பெண் வெள்ளைப் போர்ட்டும் உப்பிட்ட பாதாம் பருப்பும் கொண்டுவந்து வைத்தாள். பழரசம் பொங்கத் தொடங்கிய இரண்டு மூன்று நாளில், சர்க்கரை பாதி நிற்கும்போதே, அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு திராட்சைச் சாராயத்தைச் சேர்த்தால் பொங்குதல் நின்றுவிடுகிறது. இனிப்பும் நிலைக்கிறது, நீண்ட கடல்யாத்திரையையும் மது தாங்குகிறது. பிரான்சோடு பகை மூண்ட இங்கிலாந்து, போர்ச்சுகலோடு 1703இல் செய்த உடன்படிக்கைக்குப்பின் அந்நாட்டு மதுவையே பெருமளவில் வாங்கியது. லாபம் பெருகக் கலப்படமும் பெருகியது. நிறம் கூட்ட எல்டர் பழச்சாற்றைச் சேர்த்தனர். 1756இல் போர்ச்சுகல் மந்திரி பொம்பால் ஒரு கம்பெனி ஸ்தாபித்து, போர்ட் விளையும் நிலத்துக்குக் கருங்கல் எல்லை நட்டு, எல்டர் மரங்களை வேரோடு பிடுங்க உத்தரவிட்டார். தரம் காக்கப்பட்டது மெய்தான். ஆனால் மறு வருஷமே கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்துக் கலகம் செய்த போர்த்தோ நகரத்தாரில் பலர் தூக்கிலிடப்பட்டனர் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

ரேகுவா ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் நிலத்தின் குணம் மாறுகிறது. மராவ் மலை தடுத்து வைத்திருந்த கடல்மழை இப்பக்கம் தாராளமாகப் பெய்கிறது. தகட்டுப்பாறை போய்க் கருங்கல் வருகிறது, கரையெல்லாம் பச்சை மரம். மத்தியானம் கர்ரபத்தெலோ அணையை அடைந்தோம். 1971இல் கட்டிய அதன் நீர்ப்பூட்டில் கப்பல் நுழைந்ததும் பின்கதவு மூடியது. மாலுமி கயிற்றைச் சுவரில் வழுக்கி இறங்கும் ஓர் இரும்புக் கட்டையில் மாட்டினான். தண்ணீர் வடிய வடியச் சுவர்கள் எங்களுக்கு மேலே வளர்ந்தன. பாசியும் ஈரமுமாக ஏறக்குறைய 35 மீட்டர். கடைசியில் முன்னாலிருந்த பெருங்கதவு மேலே தூக்கப்பட, அதன் அடியிலிருந்து சொட்டிய நீரில் முதல் வரிசைப் பிரயாணிகள் நனைந்தனர். இத்தகைய ஐந்து அணைகள் எழுந்தபின்னரே டூரோ சாந்தமடைந்தது.

அதற்கு முன், அடி தட்டையான ரபேலோப் படகுகள் 550 லிட்டர்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு இதே இடத்தில் நுரைவெள்ளத்தில் பாய்ந்தன. பீப்பாய்களுக்கு மேலே வழி பார்க்க ஓர் உயர்ந்த மேடை. அதில் நின்று நீண்ட துடுப்பால் படகைத் திருப்புபவன் ஒரு கணம் தவறினால் அனைவரும் பலி. திரும்பி வரும்போது காற்று இல்லாவிடில் கரையிலிருந்து மாடுகளோ மனிதர்களோ இழுக்க வேண்டும். 1887இல் ரயில்பாதை எல்லைவரை எட்டியதும் படகுகள் குறைந்தன. 1960களில் அவற்றின் தொழில் முடிந்தது. இன்று மது லாரிகளில் போகிறது.

கிரெஷ்துமா அணையையும் கடந்து, 1877இல் ஐஃபெல் கம்பெனியார் அமைத்த மரியா பியா பாலத்தின் அடியில் போனபோது மாலை வெயில் போர்த்தோவின் ஓட்டுக்கூரைகளில் விழுந்தது. எதிர்க்கரையான கையாவில்தான் மதுக் கிடங்குகள். கடற்காற்றின் குளிர்ச்சியில் மது மெதுவாக முதிருமென்று அங்கே வைத்தனர். 1986 வரை அங்கிருந்தல்லாமல் ஏற்றுமதி செய்யவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஒரு கிடங்கில் இருபது வருஷத்துத் தானி மதுவைச் சுவைத்தோம். மரத்தில் கிடந்து சிவப்பு வெளுத்துத் தேன்நிறமான அதில் வால்நட்டின் வாசனை. என் மனைவி இரண்டு மிடறு குடித்துவிட்டு, அந்த இடிந்த படிகளையும், பாரெஸ்டர் மூழ்கிய இடத்தையும் பார்க்க வேண்டுமென்றாள். நதியை ஒட்டிப் போகும் ரயில் இப்போது போசீன்யோவோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் எல்லைவரை இருந்த பாதையை 1988இல் மூடிவிட்டனர். மறுநாள் காலை வண்டியில் அதுவரையாவது போவதென்று அங்கேயே முடிவு செய்துகொண்டு, டிக்கெட் வாங்கப் பாலத்தைக் கடந்து ரயில் நிலையத்துக்கு நடந்தோம்.